அந்தக் கேம் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்

செமிலிங், பீடோங், மெர்போக், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் டிவி கேம் ஆடி வளர்ந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, என் வயதுத் தோழர்களே,

உங்களில் பெரும்பாலோர் இன்று தோட்டத்தில் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் போய்த் தாமான் வீடுகள் வந்தன. நீங்கள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறீர்கள். தீபாவளிக்கு ஊர் வந்து திரும்பிப் போகிறீர்கள். ஆனால் உங்கள் அம்மா வீட்டு ஸ்டோரிலோ அலமாரியின் மேல்தட்டிலோ ஒரு பழைய கேம் பெட்டி இன்னும் கிடக்கிறது. அது மைக்ரோ ஜீனியஸாக இருக்கலாம். சேகா மெகா டிரைவாக இருக்கலாம். சாம்பல் நிறப் பிளேஸ்டேஷனாக இருக்கலாம். அடுத்த முறை வீட்டை ஒதுக்கும்போது அது பழைய இரும்புக்காரரின் லோரியில் ஏறிவிடும். அதற்கு முன் நான் சொல்வதைக் கேளுங்கள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். மரியோவையும் கான்ட்ராவையும் காப்பாற்ற உலகத்தில் ஆள் இருக்கிறது. செமிலிங் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் அவற்றை எப்படி ஆடினார்கள் என்பதைக் காப்பாற்ற நம்மை விட்டால் ஆள் இல்லை. பெட்டியும் நினைவும் ஒருசேர நம்மிடம் இருக்கப் போவது இன்னும் கொஞ்ச காலம்தான்.

வெளிநாடுகளில் இதற்காகப் பாடுபடுகிறவர்களைப் பாருங்கள். அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று முறையாக விலைக்குக் கிடைப்பதில்லை என்று அது கண்டறிந்தது. அதே ஆண்டு மார்ச் 27ஆம் தேதி நின்டெண்டோ நிறுவனம் தன் வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டும் விற்ற கேம்களைப் புதிதாக வாங்க அன்றோடு வழியில்லாமல் போனது. விற்பனையில் இல்லாத பழைய கேம்களை ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தபடியே பயன்படுத்த நூலகங்கள் அனுமதிக்கலாமா என்று கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. பணமும் வழக்கறிஞர்களும் அருங்காட்சியகங்களும் உள்ள நாட்டிலேயே நிலைமை இதுதான்.

நம் கதை அந்த 87 விழுக்காட்டுக்குள்கூட வராது. அவர்கள் எண்ணியது முறைப்படி அமெரிக்கச் சந்தைக்கு வந்தவற்றை. நாம் ஆடியதோ எந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பட்டியலிலும் ஏறாத பெட்டிகளில். 1983 ஜூலை 15ஆம் தேதி நின்டெண்டோ ஜப்பானில் ஃபேமிகாமை வெளியிட்டது. அதே கேசட்டுகள் ஓடும்படி தைவானின் டி.எக்ஸ்.சி. நிறுவனம் செய்த மாற்றுப் பெட்டிதான் மைக்ரோ ஜீனியஸ். அசல் பெட்டி தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, இது எட்டியது. நமக்குக் கேம் என்றாலே அதுதான். நின்டெண்டோ தன் வரலாற்றை எழுதும்போது இந்தப் பெட்டியை எழுதாது. நம் தேசிய நூலகமும் இதைக் கேட்டு வாங்கப் போவதில்லை. 1986ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டம் இந்நாட்டில் வெளியாகும் படைப்புகளுக்கானது; தைவானிலிருந்து வந்து பாசார் மாலாமில் விற்ற கேசட்டுக்கு அதில் இடமில்லை.

வேறு நாட்டார் இதே நிலையில் கைகட்டி நிற்கவில்லை. ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி என்ற பெயரில் விற்ற பெட்டிகளிலும், போலந்தில் பெகாசஸ் என்ற பெயரில் விற்ற பெட்டிகளிலும் இந்த மைக்ரோ ஜீனியஸ் வகை உண்டு. அட்டையில் பெயர்தான் வேறு. அந்த நாடுகளில் அதை ஆடி வளர்ந்தவர்களே பெட்டிகளைச் சேர்த்தார்கள், வகை பிரித்தார்கள், எந்தக் கடையில் எப்போது விற்றது என்று எழுதி வைத்தார்கள். இன்று டெண்டி என்றால் ஒரு தலைமுறையின் அடையாளம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கெடாவின் தோட்டத்துப் பிள்ளைகளும் அதே பெட்டியைத்தான் ஆடினார்கள். அதைச் சொல்ல ஒரு பக்கம்கூட நம்மிடம் இல்லை.

"எல்லாம் இப்போது போனிலேயே ஆடலாமே, பெட்டி எதற்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டரில் கேம் ஓடும்தான். ஆனால் நாம் ஆடிய கேம் அது அல்ல. ஜப்பானில் டிவி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை படத்தை மாற்றும். மலேசிய முறையில் 50. கேம் அந்தத் தாளத்தைப் பிடித்தே ஓடும் என்பதால், நம் டிவிக்கேற்ப வந்த பெட்டிகளில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. மரியோ தாவும் வேகமும் பின்னால் ஒலிக்கும் இசையும் அப்படித்தான் நம் கையிலும் காதிலும் பதிந்தன. இன்று போனில் ஓடவிட்டால் எல்லாம் அவசரமாகத் தெரிவது வயதாகிவிட்டதால் மட்டும் இல்லை. எமுலேட்டர்கள் சிலவற்றில் டெண்டிக்கென்று தனி அமைப்பே உண்டு. சொல்கிறவன் இருந்தால்தான் அது பதிவாகும்.

வாத்துச் சுடும் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துப்பாக்கியின் குழலுக்குள் வெளிச்சத்தை உணரும் ஒரு சிறு கருவி இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும். பின்பக்கம் புடைத்த பழைய டிவியில்தான் அந்தக் கணக்குப் பொருந்தும். தட்டை டிவி படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் குறி எவ்வளவு சரியாக இருந்தாலும் வாத்து விழாது. அந்த டிவிகளைத்தான் நாம் ஒவ்வொன்றாகச் சாலையோரம் இறக்கி வைத்துவிட்டு வருகிறோம்.

இயந்திரத்தை விடுங்கள். நாம் கூடி ஆடிய விதத்தை எந்த எமுலேட்டர் வைத்திருக்கிறது? பல தோட்டங்களில் ஒரு காலத்தில் மின்சாரமே ஜெனரேட்டரில்தான் வந்தது, அதுவும் சாயங்காலத்தில் சில மணி நேரம். அரசாங்க மின்சாரம் லயத்துக்கு வந்த பிறகுதான் டிவியோடு ஒரு கேம் பெட்டியையும் சேர்த்து வைக்க முடிந்தது. லயத்தில் யாரோ ஒரு வீட்டில்தான் பெட்டி இருக்கும். அந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்தவர் பாதி, ஜன்னலில் தொற்றியவர் பாதி. உயிர் போனால் கன்ட்ரோலரை அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரப் பையனுக்கு மட்டும் ஓர் உயிர் கூட. டாங்கி கேமில் கூட்டாளியைச் சுட்டால் அவன் சிறிது நேரம் அசையாமல் நிற்பான். அதனால் வந்த சண்டையில் நாள்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் உங்களில் உண்டு. கான்ட்ராவில் 30 உயிர் வாங்கும் பட்டன் வரிசையை யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. பள்ளிப் பேருந்தில் வாய்வழியாக வந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்புக்குறிகளாக ஏறியது.

பிறகு பட்டணத்தில் பிளேஸ்டேஷன் கடைகள் வந்தன. மணிக்கு இவ்வளவு வெள்ளி என்று கொடுத்து உட்காருவோம். வின்னிங் இலெவன் என்ற காற்பந்து கேம் முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும். நம்மில் ஒருவருக்கும் அந்த எழுத்துத் தெரியாது. எத்தனையாவது வரியில் என்ன இருக்கிறது என்று மனப்பாடம் செய்தோம். வட்டம் என்றால் சரி, பெருக்கல் என்றால் வேண்டாம் என்று பழகினோம். அதுவே ஜப்பானின் வழக்கம். மேல்நாட்டுப் பெட்டிகளில் தலைகீழ். 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது சோனி ஜப்பானிலும் அந்த வழக்கத்தை மாற்றிவிட்டது. கெடாவின் ஒரு கடையில் தமிழ்ப்பிள்ளை, மலாய்ப்பிள்ளை, சீனப்பிள்ளை மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து யாருக்கும் தெரியாத நாலாவது மொழியில் பந்து விளையாடினார்கள். அங்கேதான் நம்மில் பலர் பாடநூலில் இல்லாத மலாய் பேசக் கற்றோம், கொஞ்சம் ஹொக்கியனும். 2007, 2008 என்று அடுத்தடுத்து கெடா காற்பந்து அணி மூன்று கிண்ணங்களையும் வென்ற காலத்தில், கம்ப்யூட்டர் தெரிந்த ரசிகர்கள் கேமின் கோப்புகளைத் திறந்து மலேசிய அணிகளின் சட்டைகளை உள்ளே ஏற்றினார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை, பெயரும் இல்லை. அந்த வட்டுகள் இன்று எங்கே?

எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு. தோட்ட வரலாறு என்று நாம் எழுதும்போது சம்பளம், வேலைநிறுத்தம், கோயில், பள்ளி, தோட்டத் துண்டாடல் எல்லாம் வரும். வர வேண்டியவைதான். பிள்ளைகள் மாலையில் என்ன செய்தார்கள் என்பது மட்டும் வருவதில்லை. ஒரு வரலாற்றுக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு பக்கம் சேர்க்கலாமா என்று கேட்டேன். "டிவி கேமெல்லாம் வரலாறா?" என்ற பதிலோடு பேச்சு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டது. சடுகுடுவும் கிட்டிப்புள்ளும் வரலாறு என்றால், அவற்றுக்கு அடுத்து அதே லயத்தில் அதே பிள்ளைகள் ஆடியதும் வரலாறுதான். ஒரு சமூகம் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் பெயர்ந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். ஒரு பக்கம் பால்வாளி, இன்னொரு பக்கம் கன்ட்ரோலர் என்று இரண்டையும் பார்த்த தலைமுறை நமக்குப் பிறகு கிடையாது.

நம் வட்டாரத்துக்காரர்களுக்குப் பதிவின் அருமையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 2013இல் இங்கே பக்கத்தில், சுங்கை பத்து தோட்ட நிலத்தில், பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி என்ற பழங்கோயில் மேம்பாட்டு வேலைக்காக இடிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கட்டுமானம். 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் இருந்தும், அந்த இடம் அதன் கீழ் அரசிதழில் ஏறியிருக்கவில்லை. செய்தி வெளியே வந்தபோது இடிபாடுதான் மிச்சம். ஒரு பழங்கோயிலையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. பட்டியலில் இல்லாத ஒன்றை இடிக்கும்போது தடுக்க யாருக்கும் வழி இருப்பதில்லை என்பதை நாம் கண்ணால் பார்த்தவர்கள் என்கிறேன்.

இதில் அவசரமும் இருக்கிறது, ஏனென்றால் இந்தப் பொருள்கள் சும்மா கிடந்தாலும் சாகின்றன. கேம்பாய், மெகா டிரைவ் கேசட்டுகள் பலவற்றுக்குள் நாணயம் போன்ற ஒரு பேட்டரி உண்டு. நீங்கள் விட்ட இடத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். பத்து, இருபது ஆண்டில் அது தீர்ந்துபோகும். தீர்ந்ததும் சேமித்தவை அழிந்துவிடும். போக்கிமான் கோல்டு கேசட்டில் கடிகாரமும் ஓடுவதால் இன்னும் சீக்கிரம் தீரும். பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கிகள் காலப்போக்கில் கசிந்து பலகையை அரிக்கும். கன்ட்ரோலரிலும் கேம்பாயிலும் மறந்துவிட்ட சாதாரணப் பேட்டரிகள் உப்புப் பூத்து உலோகத்தைத் தின்னும். வட்டுகளில் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். மேற்பூச்சு உரிந்தால் அதன் கீழுள்ள மெல்லிய உலோகப் படலம் போய், தகவலும் அதோடு போய்விடும். ஜெராய் மலையடிவாரத்து மழைக்காலத்தில் ஸ்டோரில் வைத்த எதுவும் எப்படி ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு தயக்கமும் உங்களுக்கு இருக்கலாம். "நம்மிடம் இருப்பதில் பாதி நகல் வட்டு. அதை வெளியே காட்டினால் வம்பாகாதா?" இதையும் மூடி மறைக்காமல் பேசுவோம். நாம் பிள்ளைகளாக இருந்தபோது அசல் எது, நகல் எது என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை; கடையில் இருந்ததை வாங்கினோம். இன்று நமக்குச் சட்டம் தெரியும். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நகலெடுத்து விற்பதை மட்டுமல்லாமல், நகலை வீட்டுச் சொந்தப் பயனுக்கு அப்பால் வைத்திருப்பதையும் குற்றமாகக் கருதுகிறது. ஆகவே நகல் வட்டுகளை யாரும் கொண்டுவர வேண்டாம்; படியெடுக்க வேண்டாம்; இணையத்தில் ஏற்ற வேண்டாம். அட்டையையும் வட்டின் மேல்பக்கத்தையும் படம் எடுத்து, எங்கே வாங்கியது என்று ஒரு வரி எழுதினால் போதும். விற்ற கேமைவிட, அது ஒரு தோட்டத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் நமக்குத் தேவை.

"என்னிடம் இருக்கும் ஒரே ஒரு பெட்டியால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானில் 1995 முதல் 2000 வரை நின்டெண்டோவின் சாடெல்லாவியூ சேவை செயற்கைக்கோள் வழியாகக் கேம்களை ஒலிபரப்பியது. சேவை நின்றதும் அவை காற்றோடு போயின. ரசிகர்கள் சாதாரண வீடுகளில் கிடந்த பழைய நினைவட்டைகளைத் தேடி வாங்கி, அவற்றில் மிச்சமிருந்ததைப் படித்தெடுத்தார்கள். யாரோ வீட்டில் பதிந்துவைத்த வீடியோ கேசட்டுகளையும் பார்த்து, ஒலிபரப்பு எப்படி இருந்தது என்பதைத் துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். தாங்கள் வைத்திருப்பது அரியது என்று அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரிந்திருக்காது. தூக்கிப் போடாமல் இருந்தார்கள். அது போதுமாக இருந்தது.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், இன்றே அம்மாவுக்கோ அண்ணிக்கோ போன் போட்டு, அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அதை எடுத்து, வெளியே கழற்றக்கூடிய பேட்டரிகளைக் கழற்றுங்கள். பழைய அடாப்டரைச் சோதிக்காமல் செருகாதீர்கள். கேசட்டின் உலோகப் பல்லை வாயால் ஊதாதீர்கள். எச்சிலின் ஈரம் அதை அரிக்கும். ஆல்கஹாலில் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். உள்ளே இருக்கும் நாணயப் பேட்டரியை நீங்களாகப் பிடுங்காதீர்கள்; அதைப் பிடுங்கிய கணமே சேமித்தது போய்விடும். பற்றவைப்பு வேலை தெரிந்தவர் நம்மில் உண்டு. அவரிடம் கொடுத்துச் செய்வோம்.

அடுத்து, எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு வாக்கில், யார் வாங்கிக் கொடுத்தது, எந்தப் பட்டணத்துக் கடை, எத்தனை வெள்ளி, எந்தெந்தக் கேம், அவற்றை நீங்கள் எப்படி அழைத்தீர்கள், முறை வைத்து ஆட என்ன சட்டம் போட்டீர்கள். அரைப் பக்கம் போதும். எழுத வராதவர்கள் போனில் பேசிப் பதியுங்கள். அக்காமாரே, உங்களைத் தனியாகக் கேட்கிறேன். இந்தக் கதையைச் சொன்னால் எப்போதும் பையன்கள் கதையாகவே முடிகிறது. டெட்ரிஸிலும் சர்க்கஸிலும் தம்பிமாரைத் தோற்கடித்தவர்கள் நீங்கள். கடைக்குப் போய் ஆட உங்களுக்கு அனுமதி இல்லாததால் உங்கள் ஆட்டம் வீட்டோடு நின்றது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். அந்நாளில் கேம் கடை வைத்திருந்த பெரியவர்களில் இன்னும் நம்மோடு இருப்பவர்களையும் போய்ப் பாருங்கள். சரக்கு எங்கிருந்து வந்தது, எது அதிகம் ஓடியது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

செமிலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் படிக்கும் ஊரைச் சுற்றித்தான் இந்தக் கதை முழுவதும் நடந்தது. பேட்டி எடுக்க, படம் பிடிக்க, பட்டியல் போட உங்கள் கையில் கருவியும் இளமையும் இருக்கின்றன. மலேசியாவில் இன்று கேம் செய்கிறவர்கள் வளர்ந்துவிட்டார்கள். 2020இல் மெட்ரோனோமிக் என்ற உள்ளூர் நிறுவனத்தின் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' உலகச் சந்தைக்கே போனது. நாளை அந்தத் துறைக்குப் போகப்போகிற நம் பிள்ளைகளுக்கு, தங்கள் பெற்றோர் எந்தத் திரையின் முன் வளர்ந்தார்கள் என்று காட்ட ஏதாவது இருக்க வேண்டாமா?

கடைசியாக, கூடுவோம். வரும் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செமிலிங்கிலோ பீடோங்கிலோ ஒரு மண்டபத்தைப் பிடிப்போம். ஓடுகிற பெட்டியும் ஒரு பழைய டிவியும் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். எழுதியதை எடுத்து வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அவர்கள் ஆடட்டும், நாம் சொல்ல அவர்கள் கேட்கட்டும். அன்று மாலைக்குள் ஒரு பட்டியல் உருவாக வேண்டும்: எந்தத் தோட்டத்தில் எந்தப் பெட்டி, யாரிடம், எந்த நிலையில் என்று. பொருள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். பட்டியலும் எழுத்தும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். ஒரு படியை மாநில நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்போம். அதை வாங்க வைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

பெரிய அமைப்பு வேண்டாம், தலைவர் செயலாளர் வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். ஆடியவர்கள் வந்தால் போதும். இந்த வட்டாரத்தில் அந்நாளில் என்ன ஆடினோம், எப்படி ஆடினோம் என்று அறிந்தவர்கள் நீங்கள்தான். நீங்கள் வராவிட்டால் உங்களுக்குப் பதிலாக அதைச் சொல்ல வேறு யாரும் இல்லை. கட்டாயம் வாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு முறை வைத்து ஆடி வளர்ந்த ஒருவன்
செமிலிங், கெடா